கல்லுக்கு முன்னால் கோழை



மருத்துவப் பேச்சு தமிழில் இருக்க வேண்டும், மருத்துவர் அல்லாதவருக்கும் புரிய வேண்டும் என்பவை இந்த உரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளையின் நிபந்தனைகள். தலைப்பை மட்டும் என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். இதயம், மூளை, சர்க்கரை நோய் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். கல்லீரலுக்கு அடியில் தொங்கும் ஒரு சின்னப் பையின் உட்சுவரில் ஊறும் கோழையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அந்தக் கோழைக்கும் பெண்ணுடலின் ஹார்மோன்களுக்கும் என்ன தொடர்பு என்பது என் கேள்வி.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பையோ 30 முதல் 50 மில்லிதான் கொள்ளும். இவ்வளவு சிறிய பை எப்படிச் சமாளிக்கிறது என்றால், தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. உப்பு உள்ளே போகிறது, தண்ணீர் அதன் பின்னால் போகிறது, எஞ்சும் பித்தம் பல மடங்கு கெட்டிப்படுகிறது. இந்த வேலை முழுவதையும் செய்வது ஒற்றை வரிசையாக நிற்கும் நெட்டைச் செல்களின் அடுக்கு ஒன்று. சவ்வுகளின் ஊடே தண்ணீர் எப்படிக் கடக்கிறது என்பதை 1960களில் இந்தப் பித்தப்பையை வைத்தே ஆராய்ந்தவர் ஜாரெட் டைமண்ட். பின்னாளில் மனித சமுதாயங்களின் வரலாற்றை எழுதி உலகப் புகழ் பெற்ற அதே டைமண்ட்தான். பித்தப்பையில் தொடங்கியவர் எங்கேயும் போகலாம் என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

தண்ணீரை உறிஞ்சும் அதே செல்தான் கோழையையும் சுரக்கிறது. பித்தநீரில் உள்ள பித்த உப்புகள் கொழுப்பைக் கரைக்கும் தன்மை கொண்டவை. நம் செல்களின் உறையும் கொழுப்பால் ஆனதே. சோற்றில் சேர்ந்த நெய்யைக் கரைக்கும் நீர் தன்னை வைத்திருக்கும் சுவரைக் கரைத்துவிடக் கூடாது என்பதற்காகவே சுவரின் மேல் ஒரு மெல்லிய கோழைப் பூச்சு இருக்கிறது. ஆக, கோழை அங்கே இருப்பது நோயல்ல. அளவு மீறினால்தான் வம்பு.

கோழையின் சாரம் மியூசின் என்னும் புரதம். புரதம் என்று சொன்னாலும் அதன் எடையில் முக்கால் பங்கு சர்க்கரைச் சங்கிலிகள். பித்தப்பையில் முக்கியமாகக் காண்பவை எம்.யு.சி. 5பி, எம்.யு.சி. 6 முதலிய வகைகள். செல்லுக்குள் இது கால்சியத்தோடு சேர்த்து இறுக்கி மடித்த சின்னப் பொட்டலமாக இருக்கும். வெளியே வந்தவுடன் தண்ணீரைக் குடித்துப் பல நூறு மடங்கு உப்பிவிடும். சர்க்கரை மூடிய பகுதிகள் தண்ணீரைப் பிடிக்கின்றன. சர்க்கரை மூடாத வெற்றுப் பகுதிகளும் ஆங்காங்கே உண்டு. அவை தண்ணீரை வெறுப்பவை. கொழுப்பை, கொலஸ்ட்ராலை, பிலிருபின் என்னும் நிறமியைப் பிடித்துவைப்பவை. இந்த வெற்றுப் பகுதிகளை நினைவில் வையுங்கள்.

பித்தப்பைக் கல்லில் பெரும்பங்கு கொலஸ்ட்ராலாக இருக்கலாம் என்பது பழைய செய்தி. 1815 வாக்கில் பிரெஞ்சு வேதியியலார் ஷெவ்ரல் அதைப் பிரித்து இனங்கண்டார். ஆனால் கல் ஏன் உருவாகிறது? 1856இல் ஜெர்மானியர் மெக்கல் ஃபான் ஹெம்ஸ்பாக், பித்தப்பைச் சவ்வு சளி பிடித்ததுபோல் கோழையைக் கொட்டுவதே கல்லுக்கு மூலம் என்றார். 1892இல் நௌனின் அதை விரித்து, அழற்சியையும் கிருமியையும் காரணம் காட்டினார். பிறகு வேதியியலின் காலம் வந்தது. சுவரை எல்லோரும் மறந்தார்கள். 1968இல் அட்மிராண்டும் ஸ்மாலும் ஒரு முக்கோண வரைபடம் போட்டுக் காட்டினார்கள். பித்த உப்பு, லெசித்தின் என்னும் கொழுப்புப் பொருள், கொலஸ்ட்ரால் ஆகிய மூன்றின் விகிதம் ஒரு கோட்டைத் தாண்டினால் கொலஸ்ட்ரால் கரைந்திருக்க முடியாது, படிகமாகும். அழகான படம். இன்றும் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது.

அழகான படத்துக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. 1973இல் ஹோல்ஸ்பாக் குழுவினர், கல்லே இல்லாத ஆரோக்கியமானவர்கள் பலரின் பித்தநீரும் அந்தக் கோட்டைத் தாண்டியே இருப்பதைக் கண்டார்கள். கரைசல் மிகைபட்டிருக்கிறது, கல் இல்லை. 1979இல் அதே குழு அடுத்த அடி எடுத்துவைத்தது. கல் உள்ளவரின் பித்தநீரையும் இல்லாதவரின் பித்தநீரையும் வடிகட்டித் தனித்தனிக் குப்பிகளில் வைத்துக் காத்திருந்தால், கல் உள்ளவரின் நீரில் படிகம் விரைவில் தோன்றுகிறது. மற்றவரின் நீரில் நெடுநாள் ஆகிறது. கொலஸ்ட்ராலின் அளவு ஒன்றாக இருந்தாலும் இப்படித்தான். அப்படியானால் படிகத்தை விரைவுபடுத்தும் ஏதோ ஒன்று கல் உள்ளவரின் பித்தநீரில் இருக்க வேண்டும்.

கற்கண்டு காய்ச்சும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பாகு எவ்வளவு முற்றியிருந்தாலும், உள்ளே நூல் கட்டித் தொங்கவிட்டால்தான் கற்கண்டு கோத்துக்கொண்டு வளரும். பித்தப்பையில் நூலாக இருப்பது மியூசின். நான் நினைவில் வைக்கச் சொன்ன வெற்றுப் பகுதிகளில் கொலஸ்ட்ரால் வந்து ஒட்டுகிறது, நெருங்குகிறது, படிகமாகிறது. மனிதப் பித்தப்பையிலிருந்து பிரித்த மியூசினைச் செயற்கைப் பித்தநீரில் சேர்த்தால் படிகம் முன்கூட்டியே தோன்றுகிறது என்பதை 1984இல் லெவி, ஸ்மித், லாமாண்ட் மூவரும் காட்டினார்கள்.

அதற்கு முன்பே, 1981இல், சம் பிங் லீ, லாமாண்ட், கேரி ஆகியோர் வட அமெரிக்கப் புல்வெளியில் வளைதோண்டி வாழும் பிரெய்ரி நாய் என்னும் விலங்கை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெயர்தான் நாய், உண்மையில் அணில் குடும்பம். அதற்குக் கொலஸ்ட்ரால் மிகுந்த தீனி கொடுத்தால் இரண்டு வாரத்தில் பித்தப்பையில் கல் வந்துவிடும். அவர்கள் நாள்தோறும் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். முதலில் கோழை பெருகுகிறது, பிறகு படிகம், அதன் பிறகு கல். வரிசை மாறவில்லை. அதே ஆண்டு அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அதே தீனியோடு ஆஸ்பிரின் கொடுத்தார்கள். கோழை பெருகவில்லை, கல்லும் வரவில்லை. இத்தனைக்கும் பித்தநீரில் கொலஸ்ட்ரால் குறையவில்லை. ஆஸ்பிரின் தடுப்பது புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளின் உற்பத்தியை. செல்களைக் கோழை சுரக்கத் தூண்டுவது அந்தப் புரோஸ்டாகிளாண்டின். பித்தப்பைக் கல் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மெக்கல் சொல்லி 125 ஆண்டுகளுக்குப் பிறகு சுவருக்கு நியாயம் கிடைத்தது.

இனி ஹார்மோன்களுக்கு வருகிறேன்.

பிள்ளை பெறும் வயதில் பெண்களுக்குப் பித்தப்பைக் கல் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். வயதான பிறகு இந்த இடைவெளி குறைகிறது. மருத்துவ மாணவர்கள் இதைப் பெண், பருமன், நாற்பது, பிள்ளைப்பேறு என்று மனப்பாடம் செய்கிறார்கள். காரணம் கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். அரிசோனாவின் பிமா பழங்குடியினரிடையே 1970இல் வெளிவந்த ஆய்வில், 25 முதல் 34 வயது வரையுள்ள பெண்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்குப் பித்தப்பை நோய் இருந்தது. 1979இல் அதே மக்களிடம் பித்தநீரின் கொலஸ்ட்ரால் எப்போது கூடுகிறது என்று பார்த்தார்கள். பூப்பெய்தும் பருவத்தில் கூடியது.

பெண்ணுடல் என்பதே காரணமா, அதில் ஓடும் ஹார்மோன் காரணமா என்று எப்படிப் பிரித்தறிவது? ஆண்களுக்குப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி ஒன்று நடந்தது, வேறு நோக்கத்துக்காக. மாரடைப்பிலிருந்து மீண்ட 8,341 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரும் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தரப்பட்டது. பெண்களுக்கு மாரடைப்பு குறைவு, அதனால் பெண் ஹார்மோன் இதயத்தைக் காக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. இதயம் காப்பாற்றப்படவில்லை. பித்தப்பை நோய்தான் கூடியது. 1977இல் முடிவை வெளியிட்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடமும் இதே கதை. 22,579 பெண்களைக் கொண்ட ஆய்வின் 2005ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்குப் பித்தப்பை நோய் 67 விழுக்காடும், புரொஜெஸ்டின் என்னும் இன்னொரு ஹார்மோனையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 59 விழுக்காடும் அதிகமாக இருந்தது.

ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் செய்வது நன்றாகத் தெரியும். செல்லில் ஹார்மோன் வந்து பற்றும் இடமான ஏற்பியில் ஆல்பா வகையின் வழியாகக் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் அதிகமாக இறக்குகிறது. கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோன் பையின் தசையைத் தளர்த்துகிறது. கர்ப்பகாலத்தில் கருப்பை சுருங்காமல் இருப்பதற்கும், மலச்சிக்கலுக்கும், நெஞ்செரிச்சலுக்கும் காரணமான அதே தளர்ச்சிதான். 1980இல் பிரேவர்மன் குழுவினர் ஸ்கேனில் அளந்து, முதல் மூன்று மாதம் கடந்த கர்ப்பிணிகளின் பித்தப்பை வெறும் வயிற்றில் ஏறக்குறைய இரு மடங்கு பெருத்திருப்பதையும், சாப்பிட்ட பிறகு முழுதாகக் காலியாகாததையும் பதிவு செய்தார்கள். மிகைபட்ட கரைசல் ஒரு பக்கம், தேங்கி நிற்கும் பை ஒரு பக்கம். பெரும்பாலான பாடநூல்கள் இங்கே நிறுத்திவிடுகின்றன. மூன்றாவதாகச் சுவர் இருக்கிறது.

மனிதப் பித்தப்பையில் இந்த ஹார்மோன்களுக்கான ஏற்பிகள் இருப்பதை 1986இல் சிங்கிள்டரி குழுவினர் காட்டினார்கள். ஏற்பி இருந்தால் ஏதோ வேலையும் இருக்கும். ஓஹையோவில் ஜாக் ஜில்லோட்டோவும் உடன் உழைத்தவர்களும் 1990களில் சிரிய ஹாம்ஸ்டர் என்னும் பொன்னிற எலிகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும், ஈஸ்ட்ரடையால் என்னும் ஈஸ்ட்ரோஜன் வகையையும் ஒரு புரொஜெஸ்டிரோன் வகையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓரிரு மாதங்களில் பித்தப்பையின் உட்சுவர் மாறியது. செல்களில் கோழைப் பொட்டலங்கள் நிறைந்தன. குழிகளில் கோழை தேங்கியது. அந்தக் கோழைக்குள்ளேயே சிறு கற்களின் கருக்கள் தென்பட்டன. எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் எடுத்த அந்தப் படங்களைப் பார்த்தால், கல் கரைசலில் பிறப்பதல்ல, கோழையின் மடியில் பிறப்பது என்று தோன்றும்.

உடலின் வேறிடங்களும் இதற்குச் சாட்சி. எம்.யு.சி. 5பி கருப்பை வாயிலும் சுரக்கிறது, மூச்சுக்குழாயிலும் சுரக்கிறது. கருப்பை வாயில் அதன் ஏற்ற இறக்கம் மாதவிடாய்ச் சுழற்சியை அப்படியே பின்பற்றும். முட்டை வெளிவரும் நாட்களில், ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும்போது, கோழை பெருகி நீர்த்து இழுபடும். புரொஜெஸ்டிரோன் மேலோங்கியதும் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். மகப்பேற்றுத் துறையினர் கண்ணால் பார்த்தே நாளைக் கணிப்பார்கள். மனித மூச்சுக்குழாய்ச் செல்களை வளர்த்து அவற்றின் மேல் ஈஸ்ட்ரடையாலை இட்டால் எம்.யு.சி. 5பி உற்பத்தி கூடுகிறது என்று 2009இல் கொரிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரே மரபணு, ஒரே ஹார்மோன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு என்றால் பாலியல் ஹார்மோன்கள் மட்டும் அல்ல. பித்த உப்புகளும் ஸ்டீராய்டுகளே, அவையும் கொலஸ்ட்ராலிலிருந்து பிறப்பவை. நாயின் பித்தப்பைச் செல்களை வளர்த்து, சம் பிங் லீயும் ஆம்ஸ்டர்டாம் குழுவினரும் 1990களின் நடுவில் சோதித்தபோது, பித்த உப்புகள் செல்லைச் சிதைக்காத அளவிலேயே கோழைச் சுரப்பைத் தூண்டின. தண்ணீரை அதிகம் வெறுக்கும் உப்புகள் அதிகம் தூண்டின. கல்லும், கல்லுக்குத் தூண்டுகோலான ஹார்மோனும், கோழையைத் தூண்டும் உப்பும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இப்போது நடுநிலையோடு ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். கோழைக்காக வாதாட வந்தவன் என்பதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் கட்ட மாட்டேன். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டன் பெண்களைத் தொடர்ந்த ஆய்வு 2008இல் சொன்னது: ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கியவர்களுக்குப் பித்தப்பை நோயின் ஆபத்து 1.74 மடங்கு; தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் ஜெல்லாகவோ பயன்படுத்தியவர்களுக்கு 1.17 மடங்கு. விழுங்கும் மாத்திரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. தோல் வழி சென்றது உடல் முழுதும் சுற்றிய பிறகே கல்லீரலை அடைகிறது. பித்தப்பைச் சுவரின் ஏற்பிகளே முதற்காரணம் என்றால் இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாது. ஆகவே என் தீர்ப்பு இது: ஈஸ்ட்ரோஜனின் பெரும்பங்கு வேலை கல்லீரலில் நடக்கிறது. அங்கிருந்து இறங்கும் மிகைக் கொலஸ்ட்ராலைச் சவ்வு உறிஞ்சும்போது புரோஸ்டாகிளாண்டின் எழுகிறது, கோழை பெருகுகிறது. ஹார்மோன் சுவரை நேரடியாகத் தொடுவது இதற்குத் துணை. ஆனால் எந்த வழியில் வந்தாலும் கோழையைக் கடக்காமல் கல் வருவதில்லை.

ஹார்மோனின் தூண்டுதல் இல்லாமலும் கோழை தேங்கும். வாயால் உண்ணாமல் ரத்தநாளம் வழி மட்டும் ஊட்டம் பெற்ற நோயாளிகளை மெஸ்ஸிங் குழுவினர் 1983இல் கவனித்தார்கள். ஆறு வாரத்தைத் தாண்டியவர்கள் அனைவரின் பித்தப்பையிலும் வண்டல். மறுபடி வாயால் சாப்பிடத் தொடங்கிய நான்கு வாரத்துக்குள் வண்டல் மறைந்தது. பை காலியாகாததே போதும், கோழை தேங்கிவிடும்.

வண்டல் என்றேனே, ஸ்கேன் அறிக்கையில் ஸ்லட்ஜ் என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அதுதான். பிலிருபின் கலந்த கால்சியம், கொலஸ்ட்ரால் படிகங்கள், இரண்டையும் பிணைத்து நிற்கும் கோழைக்கூழ். கர்ப்பகாலம் இதன் இயல்பான பயிற்சிக்களம். இத்தாலியில் நடந்து 1993இல் வெளியான ஆய்வில் கர்ப்பிணிகளில் 31 விழுக்காட்டினருக்கு வண்டலும் 2 விழுக்காட்டினருக்குக் கல்லும் புதிதாக வந்தன. குழந்தை பிறந்த பிறகு வண்டல் உள்ளவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குத் தானாகவே நீங்கியது. கல்லும் நாலில் ஒரு பங்குக்கு மேல் நீங்கியது. நஞ்சுக்கொடி வெளியேறியவுடன் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோனும் சரிகின்றன. பை மறுபடி சுருங்குகிறது, கோழையை வெளியே தள்ளுகிறது. மருந்தில்லாமல் கல் கரைவதை மனிதரில் பார்க்கக் கிடைக்கும் அரிய சந்தர்ப்பம் இது.

எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. வண்டல் சில சமயம் பித்தக்குழாயில் இறங்கிக் கணையத்தைப் புண்ணாக்கும். பிரசவித்த சில வாரங்களில் வலப்பக்க விலாவுக்கடியில் வலி, வாந்தி என்று வரும் பெண்ணுக்கு, வாயு என்று சொல்லி இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்புவது நம் ஊரில் சகஜம். வீட்டிலும் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் பச்சை உடம்புக்காரி என்று விட்டுவிடுவார்கள். தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணின் மேல்வயிற்று வலியில் முதலில் நினைக்க வேண்டிய உறுப்புகளில் பித்தப்பையும் ஒன்று.

தமிழ்நாட்டில் ஒரு வேறுபாடு உண்டு. 1968இல் எஸ். எல். மல்ஹோத்ரா இந்திய ரயில்வே ஊழியர்களிடம் நடத்திய ஆய்வில், வட இந்தியர்களுக்குப் பித்தப்பைக் கல் தென்னிந்தியர்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்று கண்டார். வடக்கே கொலஸ்ட்ரால் கல் மிகுதி. நம் பக்கம் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் மிகுதி. அப்படியானால் நான் இதுவரை சொன்னது நமக்குப் பொருந்தாதா? கொலஸ்ட்ரால் கணக்கு முழுவதும் பொருந்தாது. கோழைக் கணக்கு பொருந்தும். நிறமிக் கல்லை வெட்டிக் கரைத்துப் பார்த்தாலும் நடுவில் மியூசின் வலை இருக்கிறது, கால்சியமும் பிலிருபினும் அதைப் பற்றிக்கொண்டே படிகின்றன.

கருத்தடை மாத்திரை எடுக்கும் சகோதரிகள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முதலில் வந்த எனோவிட் மாத்திரை ஒன்றில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் தரும் மாலா வகையில் 30 மைக்ரோகிராம். இந்த அளவில் கூடும் ஆபத்து சிறிது. ஏற்கெனவே கல் இருப்பது தெரிந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். ஆஸ்பிரினை இதற்காக யாரும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். பிரெய்ரி நாயிடம் பலித்தது மனிதரிடம் சிகிச்சையாக நிலைபெறவில்லை. இரைப்பையில் ரத்தக்கசிவும் வரக்கூடும். வேகமாக உடல் மெலிகிறவர்களுக்குக் கல் வராமல் தடுக்கும் மருந்து உர்சோடிஆக்சிகோலிக் அமிலம். அதுவும் ஒரு பித்த அமிலம்தான், ஆனால் சவ்வை உறுத்தாத சாது.

நிறைவாக, இங்கே அமர்ந்திருக்கும் அறுவை மருத்துவர்களிடமும் நோய்க்குறியியல் துறையினரிடமும் ஒரு விண்ணப்பம். நாள்தோறும் எத்தனையோ பித்தப்பைகளை எடுத்து ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். கூட அனுப்பும் படிவத்தில் வயது இருக்கிறது, பால் இருக்கிறது. கடைசி மாதவிடாய் எப்போது, கடைசிப் பிரசவம் எப்போது, கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் ஊசியோ எடுத்தாரா என்று எழுத இடமில்லை. திசுவைப் பார்ப்பவர் கல்லின் நிறத்தை எழுதுகிறார், புற்று இல்லை என்று எழுதுகிறார், கோழை எவ்வளவு என்று எழுதுவதில்லை. படிவத்தில் மூன்று வரி கூட்டுங்கள். கோழைக்குச் சாயமேற்றி ஒரு தகடு பாருங்கள். செலவு அதிகமில்லை. நம் பெண்களின் பித்தப்பையைப் பற்றி நம் கையிலேயே ஓர் ஏடு இருக்கும்.